நோயாளியின் அந்தரங்கத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

(ஜில்லா ஆஸ்பத்திரி நர்ஸுகள் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



உங்களில் பாதிப்பேர் இரவு ட்யூட்டி முடித்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருப்பதாகக் காரியதரிசி சொன்னார். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கேள்வித்தாள் வந்திருக்கிறது. நோயாளிகளைப் பற்றிய தகவல்களை நர்ஸுகள் எவ்வளவு தூரம் நெறிப்படி கையாளுகிறார்கள் என்று அளந்து பார்ப்பதற்காக, நர்சிங் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சி மாணவி கொண்டுவந்த தாள் அது. முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள்: எப்போதும், பெரும்பாலும், சில சமயம், அபூர்வமாக, ஒருபோதும் இல்லை. "சம்பந்தமில்லாதவர்களிடம் நோயாளியைப் பற்றிப் பேசமாட்டேன்", "கேஸ் ஷீட்டை மற்றவர் பார்வையில் படும்படி வைக்கமாட்டேன்" என்கிற ரீதியில் போகிறது. வாக்கியத்துக்கு ஐந்து மார்க்கு வீதம், முழு மார்க்கு 150.

இதை நிரப்புவதா, வேண்டாமா என்று சங்கத்தில் இரண்டு கட்சி ஏற்பட்டிருக்கிறது. "ஆள் பற்றாக்குறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் எங்கள் நாணயத்தைப் பற்றி முப்பது கேள்வியா? பகிஷ்கரிப்போம்" என்கிறார்கள் ஒரு சாரார். "ஐந்து நிமிஷ வேலை. வரிசையாக 'எப்போதும்' என்று டிக் போட்டுக் கொடுத்துவிட்டால் ஒழிந்தது" என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டுமே தவறு என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று சொல்லத்தான் காரியதரிசி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். வைத்தியம் தெரியாது. ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒரு தடவை குற்றவாளிக் கூண்டில் நின்றவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2012ஆம் வருஷம். ஒரு நூல் மில்லில் கார்டிங் யந்திரத்தில் ஒரு தொழிலாளியின் வலது கை சிக்கிக்கொண்டது. இரண்டு விரல்கள் போயின. "குடித்துவிட்டு வேலைக்கு வந்தான்" என்று நிர்வாகம் கதை கட்டியது. நஷ்ட ஈட்டை ஒழிப்பதற்கு இது பழைய தந்திரம். அவரைச் சேர்த்த அன்று ஆஸ்பத்திரியில் என்ன எழுதினார்கள் என்று தெரிந்தால் நிர்வாகத்தின் வாயை அடைத்துவிடலாம். வார்டுக்குப் போனேன். அங்கே இருந்த மூத்த நர்ஸ் நமக்கு வேண்டியவர். ஊர்வலங்களில் கொடி பிடித்து நடந்தவர். "சிஸ்டர், கேஸ் ஷீட்டை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொடுங்கள், போதும்" என்றேன்.

அந்த அம்மாள் மாத்திரை எண்ணுவதை நிறுத்தவில்லை. "இன்னிக்கு நீங்க கேக்கறீங்க தோழரே, குடுக்கறேன்னு வையுங்க. நாளைக்கு மில் மேனேஜர் வந்து நிப்பாரு. உங்களுக்கு எடுத்துக் குடுத்த கை அவருக்கு மட்டும் இல்லேன்னு சொல்லுமா? அந்த ஆள்கிட்ட கையெழுத்து வாங்குங்க. ஆர்.எம்.ஓ.கிட்ட எழுதிக் குடுங்க. முறைப்படி வரும்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வர்க்க உணர்வு இல்லாத பேச்சு" என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அந்தத் தொழிலாளியின் கட்டிலுக்குப் போனேன். மனுவை நீட்டினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணே, அடிபட்ட அன்னிக்கு எழுதின தாளுக்கு மட்டும் கைநாட்டு வைக்கறேன். மத்த தாள் எதுவும் வேண்டாம்." ஏனப்பா என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த ஒரு தாள் வந்தது. மதுவைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. நஷ்ட ஈடும் கிடைத்தது. மற்றத் தாள்களில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டபடி அந்தச் சிஸ்டர் போட்டோ எடுத்துக் கொடுத்திருந்தால் அது என் போனில் இருந்திருக்கும். என் போனிலிருந்து சங்க ஆபீசுக்கு, அங்கிருந்து வக்கீல் குமாஸ்தாவுக்கு, பிறகு யார் யாருக்கோ போயிருக்கும். ஒரு மனிதன் தன் சக தொழிலாளிகளிடமிருந்து மறைக்க விரும்பிய ஏதோ ஒன்றை, அவனுக்காகப் போராடுகிறவர்களாகிய நாங்களே தெருவில் போட்டிருப்போம்.

அந்தச் சிஸ்டர் அன்று எடுத்த மார்க்கை எந்தக் கேள்வித்தாளில் போடுவீர்கள்? "நோயாளியின் தகவலைச் சம்பந்தமில்லாதவர்களிடம் கொடுக்கமாட்டேன், எப்போதும்" என்று அவரும் டிக் போடுவார். நேற்று ஒரு பத்திரிகைக்காரருக்கு வார்டு வாசலில் நின்று விவரம் சொன்னவரும் அதே கட்டத்தில் டிக் போடுவார். இருவருக்கும் ஐந்து மார்க்கு!

தோழர் ஒருவரின் மகள் எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கிறாள். இந்த அளவுகோல்களை எப்படிச் செய்கிறார்கள் என்று இரண்டு நாள் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். கேட்கச் சுவாரஸ்யமாக இருந்தது. ஐந்து கட்டத்தில் டிக் போடச் சொல்லும் முறையை 1932ல் லைகர்ட் என்ற அமெரிக்கர் வகுத்தாராம். ஜனங்களின் மனோபாவத்தை எண்ணாக மாற்றுவதற்கு அது எளிய வழியாக இருந்ததால் உலகம் பூராவும் பரவியது. நர்ஸுகள் தகவலைக் கையாளும் விதத்தையும் நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதையும் அளப்பதற்கென்று கொரியாவிலும் துருக்கியிலும் இப்படித் தாள்கள் தயாரித்திருக்கிறார்கள். சரி, தாள் நல்ல தாள்தானா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 1951ல் குரோன்பாக் என்பவர் ஒரு கணக்கைக் கொடுத்தார். ஆல்பா என்று அதற்குப் பெயர். முப்பது வாக்கியங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று அது காட்டும். 0.7க்கு மேல் வந்துவிட்டால் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒத்துப்போகிறதா என்றுதான் ஆல்பா சொல்லும். உண்மையா என்று சொல்லாது. ஒருவர் முப்பதுக்கும் உண்மை சொன்னாலும் விடைகள் ஒத்துப்போகும். ஒருவர் முப்பதுக்கும் கூசாமல் பொய் சொன்னாலும் ஒத்துப்போகும்! ரேஷன் கடைத் தராசு கிலோவுக்கு ஐம்பது கிராம் குறைத்தே நிறுத்தால், நூறு தடவை நிறுத்தாலும் நூறு தடவையும் ஒரே மாதிரிதான் காட்டும். அதனால் அது நியாயமான தராசு ஆகிவிடுமா?

ஆராய்ச்சிக்காரர்களுக்கும் இது தெரியாமலில்லை. தன்னைப் பற்றித் தானே சொல்லும்போது மனிதன் கொஞ்சம் பவுடர் பூசிக்கொண்டுதான் சொல்வான் என்பதை அறிந்து, 1960ல் க்ரௌன், மார்லோ என்ற இருவர் அந்தப் பவுடரை அளப்பதற்கே 33 வாக்கியம் கொண்ட வேறொரு தாளைச் செய்தார்கள். யாரிடமும் எரிச்சல்பட்டதே இல்லை, பிறர் வாழ்வைக் கண்டு பொறாமைப்பட்டதே இல்லை என்கிற தோரணையில் ஒருவர் டிக் போட்டுக்கொண்டே போனால், அவருடைய மற்ற விடைகளையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்கவேண்டும். உங்களுக்கு வந்திருக்கும் தாளோடு அப்படி ஒன்று சேர்ந்து வரவில்லை.

ஆளைக் கேட்காமல் காரியத்தைப் பார்த்து அளந்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஐந்து ஆஸ்பத்திரிகளில் சிலர் சாதாரணப் பிரயாணிகளைப் போல லிப்டில் ஏறி இறங்கினார்கள். காதை மட்டும் தீட்டிக்கொண்டார்கள். அந்த ஆராய்ச்சி 1995ல் வெளியாயிற்று. 259 தடவை போய்வந்ததில், பேசக்கூடாத பேச்சுகள் 39 காதில் விழுந்தன. அவற்றில் நோயாளிகளின் இரகசியத்தை வெளியிடும் பேச்சுத்தான் அதிகம். பேசியவர்களில் டாக்டர்களும் உண்டு, நர்ஸுகளும் உண்டு, மற்ற ஊழியர்களும் உண்டு. அவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்திருந்தால் "லிப்டில் நோயாளிகளைப் பற்றிப் பேசமாட்டேன்" என்ற வாக்கியத்துக்கு நேரே என்ன டிக் போட்டிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அவர்களெல்லாம் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. தாங்கள் பேசியதே அவர்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது. தினமும் நூறு கேஸ் பார்ப்பவருக்கு அது வேலைப் பேச்சு. லிப்டின் மூலையில் நிற்கிற அந்த நோயாளியின் மைத்துனனுக்கு அது வேலைப் பேச்சு அல்ல.

இதை நான் சொல்லும்போது நீங்கள் தலையாட்டினீர்கள். இப்போது சொல்லப்போவதற்குக் கோபித்துக்கொள்ளக்கூடாது. நம் வார்டுகளிலும் இது நடக்கிறது. "பதினேழாம் நம்பர் கட்டிலுக்கு யார் வந்து பார்க்கிறார்கள் தெரியுமா" என்று டீ குடிக்கும்போது பேசுகிறோம். கருச்சிதைவுக்காக வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்று குரலைத் தாழ்த்தாமல் கேட்கிறோம். கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரை, சட்டத்தால் அதிகாரம் பெறாத எவரிடமும் வெளியிடக்கூடாது. வெளியிட்டால் ஓராண்டுவரை சிறை என்று 2021ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. மனநோயாளியின் விவரத்துக்கு 2017ஆம் வருஷச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. சட்டம் ஒருபுறமிருக்க, இப்படிக் கசிகிற பேச்சினால் அடிபடுகிறவர் யார்? பணக்காரன் தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். அவன் வியாதியைப் பற்றி வெளியே தெரிந்தாலும் அவன் வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஆள் கிடையாது. காசநோய் என்று தெரிந்தால் ஓட்டலில் வேலை போவது யாருக்கு? தண்ணீர்க் குழாயடியில் குடத்தைத் தள்ளிவைப்பது யாருடையதை? ஆகவே, "ஏழைகளுக்கு என்னம்மா இரகசியம்" என்று நம்மில் யாராவது சொன்னால், அது நம் வாயில் வரவேண்டிய வார்த்தை அல்ல.

இது ஒரு பக்கம். இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. கேள்வித்தாள் அதைத் தொடவே இல்லை.

சில வருஷங்களுக்கு முன்பு எனக்குத் தெரிந்த ஒரு பெண், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள், பிரசவத்துக்காக ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. நர்ஸுகள் அவளை அன்பாகத்தான் நடத்தினார்கள். ஒருவரும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் கட்டிலின் தலைமாட்டில் சிவப்புச் சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அந்த வார்டில் வேறு எந்தக் கட்டிலிலும் அது இல்லை. எதிர்க்கட்டிலுக்கு ஆள் பார்க்க வந்தவள் அவள் தெருக்காரி. மூன்றாம் நாள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. குழந்தையோடு திரும்பியவளுக்கு வீட்டுக்காரர் ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

அந்த வார்டில் இருந்த நர்ஸுகள் எல்லோரும் இந்தத் தாளில் 150க்கு 150 வாங்குவார்கள். நியாயமாகவே வாங்குவார்கள். ஆனால் இரகசியம் போய்விட்டதே! சீட்டை ஒட்டச் சொன்னது யார்? மேலிருந்து வந்த வழக்கம். ரத்தம், ஊசி விஷயத்தில் எல்லா நோயாளிகளிடத்திலும் ஒரே ஜாக்கிரதையைக் கடைப்பிடித்தால் தனிச் சீட்டுக்கு அவசியமே இல்லை. அதற்குக் கையுறை போதுமான அளவு வேண்டும். கையுறை குறைவாக இருந்தது. எனவே யாருக்குக் கட்டாயம் போடவேண்டும் என்று அடையாளம் வைத்தார்கள். கையுறைப் பஞ்சம் ஒரு பெண்ணின் வீட்டைப் பறித்தது. எந்த நர்ஸின் மனச்சாட்சியை அளந்தால் இந்தக் கையுறைக் கணக்குத் தெரியவரும்?

1982ல் சிகாகோ சர்வகலாசாலை ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மார்க் சீக்லர் என்ற டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். அவரிடம் ஒரு நோயாளி சண்டை பிடித்தார். என் கேஸ் ஷீட்டை ஆள் ஆளுக்கு வந்து பார்க்கிறார்களே, இரகசியத்துக்கு உத்தரவாதம் தராவிட்டால் வெளியேறிவிடுவேன் என்றார். டாக்டருக்கு இது மிகையாகப் பட்டது. இருந்தாலும் எண்ணிப் பார்த்தார். நியாயமான வேலை நிமித்தம் அந்தக் கேஸ் ஷீட்டைப் பார்க்கக்கூடியவர்கள் குறைந்தபட்சம் 25 பேர். 100 பேர் வரைகூட இருக்கலாம் என்று கண்டு திடுக்கிட்டார். மூன்று ஷிப்டு நர்ஸுகள், டாக்டர்கள், மாணவர்கள், எக்ஸ்ரே, மருந்துப் பிரிவு, குமாஸ்தாக்கள், கணக்குப் பிரிவு என்று போகிறது பட்டியல். இதைச் சொன்னபோது, அப்படியானால் இரகசியம் என்று நீங்கள் சொல்வதற்கு அர்த்தம்தான் என்ன என்ற பொருளில் அந்த நோயாளி கேட்டாராம். அது காகிதக் காலத்துக் கணக்கு. இன்று இன்சூரன்சு ஏஜென்சி உண்டு, கம்ப்யூட்டர் காண்டிராக்டு கம்பெனி உண்டு. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களுக்குள் யாரோ புகுந்து முடக்கிப் போட்டார்கள். இரண்டு வாரம் வரை சீட்டு எழுதித்தான் வேலை நடந்தது. அங்கே எந்த நர்ஸ் வாய் திறந்தார்?

வாட்ஸ்அப் விவகாரத்தையும் சொல்லவேண்டும். வார்டு குரூப்பில் புண்ணின் போட்டோ, ரிப்போர்ட்டின் போட்டோ, பெயரோடு போகிறது. தவறுதான். ஏன் போகிறது? இரவு இரண்டு மணிக்கு ட்யூட்டி டாக்டர் வேறு கட்டிடத்தில் இருக்கிறார். "போட்டோ அனுப்புங்க சிஸ்டர்" என்கிறார். அனுப்ப ஆஸ்பத்திரி கொடுத்த வழி எது? ஒன்றும் இல்லை. நர்ஸின் சொந்தப் போன்தான். விடிந்ததும் அதே போனை எடுத்துப் பிள்ளை விளையாடுகிறது. அனுப்பாவிட்டால் நோயாளிக்கு ஆபத்து, அனுப்பினால் நெறிமீறல். இந்த இக்கட்டில் ஒரு பெண்ணை நிறுத்திவிட்டு, "எப்போதுமா, சில சமயமா?" என்று கேட்பது என்ன அளவை?

மேலும், எப்போதும் வாயை மூடுவதுதான் உத்தமம் என்றும் சொல்லிவிட முடியாது. 1998ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்பில் பெயர்களை மறைத்து, திருவாளர் எக்ஸ் என்றும் ஆஸ்பத்திரி இசட் என்றும் போட்டிருக்கிறது. எக்ஸுக்கு எச்.ஐ.வி. இருப்பது ஆஸ்பத்திரி வழியாக வெளிவந்து, நிச்சயித்த கல்யாணம் நின்றுவிட்டது. அவர் நஷ்ட ஈடு கேட்டார். மணப்பெண்ணின் உயிரும் உரிமைதான் என்று கோர்ட்டு அவர் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. பின்னால் 2017ல் எச்.ஐ.வி. சட்டம் வந்து, 2018 செப்டம்பரில் அமுலாயிற்று. துணைவருக்குச் சொல்லவேண்டிய கட்டம் வந்தால் டாக்டரோ கவுன்சிலரோதான் சொல்லலாம், அதற்கும் முறைகள் உண்டு, சொல்வதால் ஒரு பெண் அடி உதைக்கு ஆளாவாள் என்று அஞ்சினால் கட்டாயப்படுத்தக்கூடாது என்றெல்லாம் அதில் வகுத்திருக்கிறார்கள். காசநோயை சர்க்காருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்ற உத்தரவும் 2012 முதல் இருக்கிறது. யாரிடம், எதற்காக, எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதை ஐந்து கட்டத்துக்குள் அடைப்பது கஷ்டம். ஒரு சம்பவத்தைச் சொல்லி, "இந்த நிலைமையில் நீங்கள் என்ன செய்வீர்கள், ஏன்?" என்று கேட்கலாம். அதற்கு மார்க்குப் போட நேரம் பிடிக்கும்தான்.

இந்த இடத்தில் நம் வரலாற்றிலிருந்தே ஒன்றைச் சொல்லவேண்டும். புரட்சிக்குப்பின் சோவியத் நாட்டில் சுகாதார கமிஸாராக இருந்தவர் செமாஷ்கோ. இலவச வைத்தியத்துக்கு அடித்தளம் போட்டவர். அவரே 1920களில், வைத்திய இரகசியம் என்பது பழைய சமுதாயத்தின் மிச்சம், அது போகவேண்டும் என்று வாதாடினார். நோய் ஒரு துர்ப்பாக்கியமே தவிர அவமானம் அல்ல, அவமானம் இல்லாத இடத்தில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். எவ்வளவு உயர்ந்த எண்ணம்! ஆனால் சட்டம் போட்ட மறுநாளே ஜனங்களின் மனத்திலிருந்து அவமானம் போய்விடுவதில்லை. டாக்டர்கள் பலர் எதிர்த்தார்கள். கடைசியில் 1969 டிசம்பரில் இயற்றப்பட்ட சோவியத் சுகாதாரச் சட்டத்தில், நோயாளியின் இரகசியத்தைக் காப்பது வைத்திய ஊழியர்களின் கடமை என்று எழுதிவைத்தார்கள். நல்ல நோக்கம் இருக்கிறது என்பதற்காக அடுத்தவன் அந்தரங்கத்தில் கைவைக்க உரிமை வந்துவிடாது. 2012ல் அந்த வார்டில் எனக்கு இது தெரியவில்லை. நிவாரணப் பொட்டலம் கொடுக்கும்போது நோயாளியை நடுவில் நிறுத்திப் போட்டோ பிடிக்கிறார்களே, அவர்களுக்கும் தெரியவில்லை. அதில் நம் தோழர்களும் உண்டு.

இனி, ஒரு நர்ஸ் உறுதியாக நிற்க என்ன தேவை என்பதற்கு இரண்டு சம்பவம் சொல்கிறேன். 2017 ஜூலை 26. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி. லாரி விபத்தில் தீக்காயமடைந்து பிரக்ஞையற்றுக் கிடந்த ஒரு டிரைவரின் ரத்தத்தை எடுக்கவேண்டுமென்று போலீஸ் துப்பறிவாளர் ஒருவர் வந்தார். வாரண்டு கிடையாது. நோயாளி கைதியும் அல்ல. சம்மதம் சொல்ல அவருக்கு நினைவும் இல்லை. ரத்தம் என்றால் என்ன? ஒரு மனிதனைப் பற்றிய தகவல்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. அலெக்ஸ் வபில்ஸ் என்ற நர்ஸ் முடியாது என்றார். கையில் ஆஸ்பத்திரியின் எழுத்துமூல விதி. போனில் அவருடைய மேலதிகாரி. போலீஸ்காரர் அவரை இழுத்துக்கொண்டுபோய் விலங்கு மாட்டினார். அந்தப் படத்தை உலகமே பார்த்தது. துப்பறிவாளருக்கு வேலை போயிற்று. நர்ஸுக்கு ஐந்து லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுத்தார்கள்.

மற்றது 2012 டிசம்பர் 4, லண்டன். இளவரசர் வில்லியமின் மனைவி கர்ப்பவதியாக ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். விடியற்காலை ஐந்தரை மணி. அந்த நேரத்துக்கு வரவேற்பு மேஜையில் ஆள் கிடையாது. போனை எடுத்தவர் ஜெசிந்தா சல்டானா என்ற நர்ஸ். கர்நாடகக் கடற்கரைப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தாய். ஆஸ்திரேலிய ரேடியோவைச் சேர்ந்த இருவர் மகாராணியும் இளவரசரும் பேசுவதாக வேஷம் போட்டார்கள். நம்பி வார்டுக்கு இணைப்புக் கொடுத்தார். அங்கிருந்த வேறொரு நர்ஸ் விவரம் சொன்னார். அதை ரேடியோவில் போட்டு உலகமே சிரித்தது. மூன்றாம் நாள் ஜெசிந்தா உயிரை விட்டுவிட்டார். ஒரு நோயாளியின் விஷயத்தையும் அவர் வாயால் சொல்லவில்லை. போனை மாற்றிக் கொடுத்தார், அவ்வளவுதான். வேளைகெட்ட வேளையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலையையும் நர்ஸின் தலையில் கட்டினார்களே, அதை எந்த அளவுகோலில் யார் அளந்தார்கள்?

(கூட்டத்தில் சிறிது நேரம் மௌனம்.)

விளக்கேற்றும் விழாவில் நீங்கள் எல்லோரும் உறுதிமொழி எடுத்தவர்கள். நைட்டிங்கேல் பெயரில் இருந்தாலும் அதை எழுதியது அவர் அல்ல. 1893ல் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து நர்சிங் பள்ளியில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற அம்மையார் தலைமையில் ஒரு கமிட்டி தயாரித்தது. நோயாளியின் சொந்த விஷயங்களை வெளியிடமாட்டேன் என்பது அதில் ஒரு வாக்கு. அந்த வாக்கை நிறைவேற்ற ஒரு திரைச்சீலையாவது வேண்டாமா? நாற்பது கட்டில் வார்டில் மறைப்புத் தட்டி ஒன்றே ஒன்று. அதிலும் சக்கரம் உடைந்திருக்கிறது! ஒப்பந்த நர்ஸ் ஒருவரிடம் அதிகாரத்தில் இருப்பவர் போனில் விவரம் கேட்டால், முடியாது என்று சொல்ல அவருக்கு எங்கிருந்து தைரியம் வரும்? 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்த நர்ஸுகள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்களே, அப்போது அவர்கள் மாதச் சம்பளம் 7,700 ரூபாய். வேலை நிரந்தரம் என்பது சம்பளப் பிரச்சினை மட்டும் அல்ல தோழர்களே, நோயாளியின் இரகசியப் பிரச்சினையும் அதுதான்.

ஆகவே என் யோசனை இது. தாளை நிரப்புங்கள். பகிஷ்கரித்தால், பயந்துவிட்டார்கள் என்று பேச்சு வரும். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும். நிரப்பும்போது உள்ளதைச் சொல்லுங்கள். "சில சமயம்" என்பது உண்மையானால் அந்தக் கட்டத்தில் டிக் போடுங்கள். பெயர் கேட்கவில்லை. ஆனால் தாள் நிர்வாகத்தின் கைக்குப் போகாது, வார்டு வாரியாக மார்க்கை வெளியிட மாட்டோம் என்று ஆராய்ச்சி மாணவியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நர்ஸைப் பற்றிய தகவலையும் நெறிப்படிதானே கையாளவேண்டும்! அந்தப் பெண்ணை விரோதியாகப் பார்க்காதீர்கள். அவளும் நாளைக்கு உங்கள் வார்டுக்கு வேலைக்கு வருகிறவள்தான். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. உங்கள் வார்டில் எத்தனை கட்டில், எத்தனை தட்டி, கேஸ் ஷீட் வைக்கப் பூட்டுள்ள அலமாரி உண்டா, இரவில் எத்தனை பேர் ட்யூட்டி என்று அங்கே எழுதிக்கொடுங்கள். நோயாளிகளையும் கேட்கச் சொல்லுங்கள். கட்டிலில் படுத்திருந்தவருக்குத்தான் எது காதில் விழுந்தது என்று தெரியும்.

இது போக, நாமே ஒரு அளவை எடுப்போம். அதற்காக ஒரு சின்ன அட்டை அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு வாரம், மூன்று ஷிப்டிலும். உரிமையில்லாத ஒருவர் நோயாளியைப் பற்றி விவரம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம், கட்டில் நம்பர் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம். கேட்டவர் யார் என்பது மட்டும்: சொந்தக்காரர், முதலாளி தரப்பு, பத்திரிகை, இன்சூரன்சு, ஆஸ்பத்திரிக்குள்ளேயே வேலை இல்லாதவர். போலீஸ் எழுத்துமூலம் உத்தரவோடு வந்தால் அது வேறு. வாய்மொழியாகக் கேட்டால் கோடு போடுங்கள். கொடுத்தீர்களா, மறுத்தீர்களா, மறுத்தபின் என்ன நடந்தது என்று பக்கத்தில் ஒரு வார்த்தை.

அச்சடித்தபின் பார்த்தேன், ஒரு வரிசை விட்டுப்போயிருந்தது. கடைசியில் பேனாவால் எழுதியிருக்கிறேன்: "சங்கத்தார், கட்சிக்காரர்."

அட்டைகள் காரியதரிசியின் மேஜைமேல் இருக்கின்றன. வார்டுக்கு ஐந்து வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரசவ வார்டுக்குப் பத்து. அங்கேதான் அதிகம் கேட்கிறார்கள் என்று சொன்னீர்கள். அடுத்த ஞாயிறு மாலைக்குள் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். அன்றைக்கு ட்யூட்டியில் இருப்பவர்கள் ஷிப்டு மாறும்போது அடுத்தவரிடம் கொடுத்தனுப்பினால் போதும்.